முப்பத்தொண்ணாம் தேதிக்குள்

மார்ச் 2

அக்கா,

நீ போனை எடுக்க மாட்டேங்கிறே. மெசேஜ் அனுப்பினா போய்ச் சேர்ந்த மாதிரியே தெரியல. அதனாலதான் பேப்பரும் பேனாவும். கவர்னு ஒண்ணு வந்தா உன்னால பிரிக்காம இருக்க முடியாது. கரண்ட் பில்லையே ஆசையாப் பிரிக்கிற ஆளு நீ.

ரிசல்ட் வந்துடுச்சு. நல்ல ரேங்க். மேல்படிப்புக்கு எந்தப் பிரிவு, எந்த ஊருன்னு முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள பதிவு பண்ணணும். அப்புறம் மாத்த முடியாது. நான் எமர்ஜென்சி எடுக்கப் போறேன். உன் ஊர்ல, உன் ஆஸ்பத்திரியிலேயே. இதைச் சொல்லத்தான் ஞாயித்துக்கிழமை கூப்பிட்டேன். சந்தோஷத்துல நீ குதிப்பேன்னு நினைச்சேன். நீ "இங்க வராதே"ன்னு சொல்லி வச்சுட்டே. ஒரு நல்லாயிருக்கியா கூடக் கிடையாது.

அம்மா கண் டாக்டர் ஆகச் சொல்றாங்க. அப்பாவோட மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல மாடி காலியா இருக்கே. நான் மேல உட்கார்ந்து எழுதிக் கொடுக்கணுமாம், அப்பா கீழ மாட்டி விடுவாராம். அப்பா வாயைத் திறக்கல. ஆனா போன வாரமே மாடிக்கு வெள்ளையடிச்சு முடிச்சுட்டார்.

நான் ஏன் எமர்ஜென்சின்னு நீயாவது கேட்பேன்னு பார்த்தேன். கேட்கல. நானே சொல்றேன். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு தையல்காரம்மாவைக் கூட்டிட்டு வந்தாங்க. குளவி கொட்டியிருக்கு. உதடெல்லாம் வீங்கி, தொண்டை அடைச்சு, கண்ணு மட்டும் என்னையே பார்க்குது. சீனியர் பக்கத்து அறையில வேற கேஸ்ல இருந்தார். கூப்பிட நேரமில்ல. தொடையில ஊசியைப் போட்டுட்டு அவங்க கையைப் பிடிச்சுட்டு நின்னேன். கொஞ்சம் கொஞ்சமா மூச்சு திரும்பிச்சு. முதல்ல என்ன சொன்னாங்க தெரியுமா? "ஐயோ, மெஷினை ஆஃப் பண்ணாம வந்துட்டேனே!"

அன்னைக்கு வீட்டுக்கு நடந்தே வந்தேன். பஸ்னு ஒண்ணு இருக்கிறதே ஞாபகம் வரல. மத்த பிரிவுல எல்லாம் நான் நல்லாப் படிச்ச பொண்ணு. அங்கதான் டாக்டர்.

என்ன கோபம் உனக்கு? சொல்லித் தொலை.

குட்டி

&nbsp;

மார்ச் 6

குட்டி,

உன் கடிதம் கிடைத்தது. ரேங்க் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். நிஜமாகவே.

எனக்குக் கோபம் எதுவும் இல்லை. போன் சரியாக இல்லை.

இந்த வேலை வெளியிலிருந்து பார்க்கத்தான் நன்றாக இருக்கும். சாப்பாடு ஆறின பிறகுதான் சாப்பிடக் கிடைக்கும். யார் வீட்டு விசேஷத்துக்கும் போக முடியாது. ஒருவரைப் பிழைக்க வைத்து, அவர் முகம் மனதில் பதிவதற்குள் வேறு வார்டுக்குப் போய்விடுவார். குளவி கொட்டியவர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்து மெஷினைப் பற்றிப் பேச மாட்டார்கள். பேசாதவர்களின் வீட்டுக்காரர்களிடம் நீதான் போய்ச் சொல்ல வேண்டும்.

கண் எடு. நல்ல படிப்பு. மாடியும் தயாராக இருக்கிறது.

எமர்ஜென்சிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் வேறு ஊர் பார். இந்த ஊர் வேண்டாம். காரணம் கேட்காதே.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. சொல்ல எதுவும் இல்லை. இருந்தாலும்.

அக்கா

&nbsp;

மார்ச் 9

அக்கா,

முதல்ல இதுக்குப் பதில் சொல்லு. இது யார் கையெழுத்து? அச்சடிச்ச மாதிரி எழுதுவியே, அதைக் காட்டித்தானே என்னை ஸ்கூல் முழுக்கத் திட்டினாங்க? இப்போ கோழி கிளறின மாதிரி இருக்கு. வரி எல்லாம் மலையேறுது. பஸ்ல உட்கார்ந்து எழுதினியா? எனக்கு அவ்வளவுதான் மரியாதையா?

ரெண்டாவது. "காரணம் கேட்காதே"ன்னா கேட்காம இருக்க நான் உன் வார்டு பாய் இல்ல. நானே கண்டுபிடிச்சுட்டேன். நீ அங்க பெரிய ஆளு. தங்கச்சி வந்தா பங்கு கேட்பாள்னு பயம். சின்ன வயசுல உன் பழைய யூனிஃபார்ம், உன் பழைய சைக்கிள், அட்டை கிழிஞ்ச உன் பழைய புத்தகம், எல்லாத்தையும் வாயை மூடிட்டு வாங்கிக்கிட்டேன். முதல் தடவையா நானா ஒண்ணை ஆசைப்பட்டுக் கேட்கிறேன், அது உன்னோடதுங்கிறே.

பதினாலாம் தேதி உங்க பிரிவைச் சுத்திக் காட்டுறாங்களாம். புது டாக்டருங்க யார் வேணா வரலாமாம். எங்க பேட்ச்லருந்து ஆறு பேர் ரயில் டிக்கெட் போட்டாச்சு. நீ கூப்பிடாட்டியும் நான் வர்றேன். உன் வீட்டுலதான் தங்குவேன். உதைச்சாலும் போக மாட்டேன்.

குட்டி

&nbsp;

மார்ச் 11

குட்டி,

வராதே. பதினான்காம் தேதி நான் ஊரில் இல்லை. பயிற்சி ஒன்றுக்கு வெளியூர் போகிறேன். வீடு பூட்டியிருக்கும்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு. அக்கா சொல்கிறேன், இந்த ஒரு தடவை கேளேன்.

&nbsp;

மார்ச் 16

அக்கா,

நான் வந்தேன்.

உங்க பெரியவர், அதான் உங்க பிரிவுத் தலைவர், அவரே வாசலுக்கு வந்து கூட்டிட்டுப் போனார். எல்லாம் காட்டினார். மூச்சு நின்னவங்களைப் படுக்க வைக்கிற அறை, எலும்பு உடைஞ்சவங்க இடம், குழந்தைங்க மூலை. இந்தத் துறைமுக ஊரை விட்டா இவ்வளவு விதமான கேஸ் வேற எந்த ஊர்லயும் பார்க்க முடியாது, இங்க ஒரு வருஷம் மத்த இடத்துல மூணு வருஷத்துக்குச் சமம்னு சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

எங்க கூட ஒரு பொண்ணு வந்திருந்தா. கைக்குழந்தைக்காரி. நாங்க வாத்துன்னு கூப்பிடுவோம், நடை அப்படி. அவ கேட்டா: "சார், இங்க பாதுகாப்பெல்லாம் எப்படி?" பெரியவர் சிரிச்சுட்டு, "இது நம்ம வீடு மாதிரிம்மா"ன்னார். அப்போ எங்களுக்குப் பின்னால இருந்த நர்ஸ் ஒருத்தங்க, கிராப் வெட்டினவங்க, சட்டுனு தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. உள்ள போற கண்ணாடிக் கதவு ரெண்டுல ஒண்ணு மட்டும் புத்தம் புதுசு. கம்பெனி ஸ்டிக்கரைக் கூட உரிக்கல.

நீ எங்கன்னு நான் கேட்டேன். "லீவு"ன்னார் பெரியவர். பயிற்சின்னு சொல்லல.

தண்ணி குடிக்கப் போனப்போ அந்த கிராப் நர்ஸ் பின்னாடியே வந்தாங்க. "நீங்க டாக்டரோட தங்கச்சிதானே? அதே மூக்கு"ன்னாங்க. "கை இப்போ எப்படியிருக்கு?"ன்னு கேட்டாங்க. எந்தக் கைன்னு கேட்டேன். அவங்க முகமே மாறிப் போச்சு. "அவங்க வாயால கேளுங்க"ன்னுட்டுப் போயிட்டாங்க.

நேரா உன் வீட்டுக்கு வந்தேன். பூட்டு இல்ல. மாடிக் கொடியில உன் பச்சைத் துண்டு ஈரமாத் தொங்குது. தட்டினேன். கூப்பிட்டேன். எதிர் வீட்டு அம்மா வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குத் தட்டினேன். அக்கா, நீ கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்னுட்டிருந்தே. நீ மூச்சு விடுறது எனக்குக் கேட்டுச்சு. உனக்கும் என்னோடது கேட்டிருக்கும்.

ரயிலுக்கு நேரமாகிற வரைக்கும் படியில உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வர்றப்போ வாத்து என் பக்கத்துல உட்கார்ந்து குழந்தை போட்டோவைக் காட்டிட்டே வந்தா. "உங்க அக்கா அங்கதானே இருக்காங்க, தைரியமாப் போட்டுடலாம்"ன்னா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

யூனிஃபார்ம், சைக்கிள்னு எழுதினதெல்லாம் கிழிச்சுப் போட்டுடு. என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லு.

குட்டி

&nbsp;

மார்ச் 20

குட்டி,

இதை எழுதி முடிக்க ரெண்டு நாள் ஆச்சு. இடது கையால எழுதறேன். வலது மணிக்கட்டு உடைஞ்சு மாவுக்கட்டு போட்டிருக்கு. அதான் கோழிக் கிறுக்கல்.

பிப்ரவரி மாசம். மதியச் சாப்பாட்டு நேரம். கட்டடத்துச் சாரத்துலருந்து விழுந்த ஒரு பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. தூக்கிட்டு வந்தது அவன் அண்ணன். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காம, சரக்கு வண்டியில போட்டு, மடியில வச்சே கொண்டு வந்திருக்கார். வர்றப்பவே நாடி இல்ல. நாங்க விடல. மாத்தி மாத்தி நெஞ்சை அழுத்தினோம், எங்க சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. ஒண்ணும் திரும்பல. செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சோம், குட்டி. அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. அப்புறமா மத்தவங்களும் உட்கார்ந்து அலசிப் பார்த்து அதையேதான் சொன்னாங்க.

நான்தான் வெளிய போய்ச் சொன்னேன். உட்காருங்கன்னு சொன்னேன். அவர் உட்காரல. "உங்க தம்பியைக் காப்பாத்த முடியல"ன்னேன். அப்புறம் பக்கத்துல இருந்த இரும்பு நாற்காலியைத் தூக்கிட்டார்.

முதல் அடி கதவுல. ரெண்டாவது, முகத்துக்கு முன்னால நான் நீட்டின கையில. மூணாவதுக்குள்ள கிராப் அக்கா ஓடி வந்து அவரைப் பின்னாலருந்து கட்டிப் பிடிச்சுட்டாங்க. காவலாளி ஒருத்தர்தான். அவர் அடுத்த வாசல்ல இருந்தார்.

கீழ கண்ணாடிச் சில்லு மேல உட்கார்ந்திருந்தேன். மூணாவது கட்டில்ல ஒரு அம்மா மூச்சு வாங்கிட்டிருந்தாங்க, அவங்களைப் பார்க்க யாருமில்ல. எழுந்து போய் இடது கையால மாஸ்க்கைப் பிடிச்சுட்டு நின்னேன். வேற டாக்டர் வந்து என்னைப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போற வரைக்கும். எல்லாரும் அதைப் பெரிய தைரியம்னு சொல்றாங்க. தைரியமெல்லாம் அன்னைக்கோட சரி. மறுவாரம் ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப்ல இறங்கினேன், அந்தக் கதவு கண்ணுல பட்டதும் கால் நகரல. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன். அதுக்கப்புறம் போகல. யாராவது கதவைத் தட்டினாலே உடம்பு மரத்துப் போகுது. நீ தட்டினப்பவும் அதான். உன் குரல்னு தெரியும். குட்டிதான், திறடின்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன், கை தாழ்ப்பாள் வரைக்கும் போகுது, திறக்க மாட்டேங்குது. அந்தப் படியில நீ உட்கார்ந்திருந்ததை ஜன்னல் இடுக்குல பார்த்துட்டிருந்தேன்.

பெரியவரைத் திட்டாதே. எங்க பிரிவுல போன வருஷம் ஒரு புது டாக்டர் கூடச் சேரல. அறுபது வயசுல அவரே ரெண்டு ஷிஃப்ட் பார்க்கிறார். "விஷயம் வெளிய போனா இந்த வருஷமும் ஒருத்தரும் வர மாட்டாங்க. பிரிவையே மூடிடுவாங்க. முப்பத்தொண்ணாம் தேதி வரைக்கும் மட்டும் பொறுத்துக்கோம்மா"ன்னார். வழுக்கி விழுந்தேன்னு சொல்லிக்கலாம்னார். நான் தலையாட்டிட்டேன். பிரிவை மூடினா அந்த மூணாவது கட்டில் அம்மா எங்க போவாங்கன்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா, நான் ஆட்டின தலைக்கு நீ வந்து மாட்டப் போறே.

அம்மாகிட்ட நானே சொல்றேன். கண் எடு, குட்டி.

அக்கா

&nbsp;

மார்ச் 22

அக்கா,

மூணு தடவை படிச்சேன். அப்புறம் கடை மாடிக்குப் போய், அப்பா அடிச்ச வெள்ளைச் சுவரைக் கையால குத்தினேன். எனக்குத்தான் வலிச்சுது.

ஓடி வந்து உன்னைக் கட்டிக்கணும் போல இருக்கு. ஆனா உன்மேல கோபமும் இருக்கு. அதையும் சொல்லிடறேன்.

நான் உன் தங்கச்சி. அதனால எனக்கு "வராதே"ன்னு ஒரு கடிதம் கிடைச்சுது. வாத்துக்கு யார் எழுதினாங்க? அவளுக்கு "நம்ம வீடு மாதிரி"தான் கிடைச்சுது. நேத்து அவ வந்து, குழந்தையைப் பார்த்துக்க அங்க ஆள் கிடைக்குமான்னு உன்னைக் கேட்டுச் சொல்லச் சொல்றா. நான் வாயைத் திறந்தா எல்லாத்தையும் கொட்டிடுவேன். ஆனா அடி வாங்கினது நீ. அதை நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிய முடியாது. நீயே சொல்லு. இன்னும் நாள் இருக்கு.

பிரிவு மூடிடும்னா, மறைச்சு ஆளைச் சேர்த்தா மட்டும் நிக்குமா? அடுத்த நாற்காலி வாத்து மேல விழும். அப்போ அவ என்ன பண்ணுவா? அவளும் உன்னை மாதிரி தலையாட்டணுமா?

நீ சொல்லாட்டி நான் உன்னை வெறுக்க மாட்டேன். அவ்வளவு தூரம் எனக்கு வராது. ஆனா என் பேருக்கு நேரா உன் ஆஸ்பத்திரியைத்தான் போடுவேன். அந்தக் கதவுக்கு முன்னால நானே வந்து நிப்பேன். இது மிரட்டல்தான். வச்சுக்கோ.

குட்டி

&nbsp;

மார்ச் 27

குட்டி,

மிரட்டத் தெரியாத கழுதை. அதைப் படிச்சு ராத்திரி தூக்கம் போச்சு.

முதல்ல அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "சாப்பிட எந்தக் கையை உபயோகிக்கிறே?"ன்னு கேட்டாங்க. நான் அப்பதான் அழுதேன்.

கிராப் அக்காவைக் கூட்டிட்டுப் போலீஸ் ஸ்டேஷன் போனேன். புகார் கொடுத்துட்டேன். அந்த அண்ணன்மேல எனக்குக் கோபம் போகல. தம்பியை மடியில வச்சுட்டு வந்த கோலமும் கண்ணை விட்டுப் போகல. எது பெருசுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஆனா வழுக்கி விழுந்தேன்னு இனிமே சொல்ல மாட்டேன்.

அப்புறம் பெரியவர் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குள்ள போக இன்னும் கால் வரல. பதினாலாம் தேதி வந்த டாக்டருங்க எல்லார்கிட்டயும் பேசணும், நீங்களே ஏற்பாடு பண்ணுங்கன்னேன். "எல்லாத்தையும் கெடுக்கப் பார்க்கிறியா?"ன்னு கத்தினார். அவர் கத்தினதும் நான் சுவரோட ஒட்டிக்கிட்டேன், குட்டி. அவர் கத்த வேணாம், குரல் உயர்ந்தாலே போதும் இப்பல்லாம். அதை அவர் பார்த்துட்டார். அப்படியே நாற்காலியில உட்கார்ந்துட்டார். "நான் இதைப் பார்க்கவே இல்லையேம்மா"ன்னார்.

நேத்து சாயங்காலம் வீடியோவுல எல்லாரும் வந்தீங்க. நீயும் ஒரு ஓரத்துல இருந்தே. நான் எல்லாத்தையும் சொல்லி முடிச்சதும் உன் வாத்து கேட்டாளே, "அக்கா, நீங்க திரும்பிப் போவீங்களா?"ன்னு. பக்கத்துல பெரியவர் உட்கார்ந்திருக்கார். போவேன்னு சொல்லியிருக்கலாம். "தெரியலம்மா"ன்னுதான் வாயில வந்துச்சு. எல்லார் மூஞ்சியும் அப்படியே உறைஞ்சு போச்சு. காரியத்தைக் கெடுத்துட்டேன்னுதான் நினைச்சேன்.

காவலுக்கு எப்பவும் ரெண்டு பேர், கெட்ட செய்தி சொல்லத் தனி அறை, தனியா யாரும் போய்ச் சொல்லக் கூடாது. இதை எழுதி மேலிடத்துல கேட்டிருக்கார் பெரியவர். கொடுப்பாங்களான்னு தெரியாது.

உனக்கு ஒண்ணே ஒண்ணு. குளவி கொட்டின கதையை எழுதினியே, அதை நான் நிறைய தடவை படிச்சுட்டேன். கண் எடுன்னு இனிமே சொல்ல மாட்டேன். ஆனா எனக்காக இந்த ஊரை எடுக்காதே.

அக்கா

&nbsp;

மார்ச் 31

அக்கா,

பதிவு பண்ணிட்டேன்.

எமர்ஜென்சிதான். ஆனா உன் ஊர் இல்ல. மலையடிவாரத்துல இருக்கே அந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரி, அது.

உன் ஊர் பேரைத்தான் முதல்ல போட்டேன். மிரட்டினபடியே. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். அங்க வந்தா நான் நோயாளியைப் பார்க்க மாட்டேன், கதவைத்தான் பார்த்துட்டிருப்பேன். எவனாவது குரலை உசத்தினா நீ எங்க இருக்கேன்னு தேடுவேன். அந்த நேரத்துல ஒரு தையல்காரம்மா வந்து படுத்திருந்தா? உனக்காக வந்து யாரையோ சாக விட்டுடுவேனோன்னு பயமா இருந்துச்சு. அழிச்சுட்டேன். அழிக்கிறப்போ ஏதோ உன்னை விட்டுட்டுப் போற மாதிரி இருந்துச்சு. திட்டாதே.

ஏன் அந்த மலை ஊருன்னு அம்மா கேட்டாங்க. போய்ப் பார்த்துட்டு வந்தேன்னு சொன்னேன். போன புதன்கிழமை உனக்குக் கூடச் சொல்லாமப் போனேன். சுத்திக் காட்ட யாருமில்ல. வாசல்ல பெஞ்சு போட்டிருந்துச்சு, மதியம் வரைக்கும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். அங்கிருந்த டாக்டரம்மாகிட்ட, இங்க யாரையாவது அடிச்சிருக்காங்களான்னு நேரடியாக் கேட்டேன். "போன வருஷம் என்னைத்தான்"னு சொல்லிக் காதைத் திருப்பிக் காட்டினாங்க. தையல் போட்ட தழும்பு. அதைச் சொல்லிட்டு, சாப்பிட்டியான்னு கேட்டாங்க. எனக்கு அந்த இடம் பிடிச்சுப் போச்சு.

அம்மா என்கூடப் பேசல. ஆனா ஸ்வெட்டர் எடுத்து வெயில்ல போட்டிருக்காங்க. மாடியை வாடகைக்கு விடலாமான்னு அப்பா கேட்கிறார்.

இப்போ உன் ஆளுங்க கதை. எங்க ஆறு பேர்ல மூணு பேர் உங்க ஆஸ்பத்திரியை நினைக்கவே வேணாம்னுட்டாங்க. அதுல ஒருத்தன் நேராத் தோல் டாக்டருக்குப் போயிட்டான். யாரையும் குத்தம் சொல்ல முடியாது. வாத்தும் ஒரு நெட்டையனும் உங்க இடத்தையே போட்டிருக்காங்க. நான் வாத்தைப் பிடிச்சு உலுக்கிட்டேன், உனக்குப் பைத்தியமாடீன்னு. அவ சொன்னா: "அந்த அக்கா தெரியலன்னாங்க பாரு. சுத்திக் காட்டின மத்த எல்லா ஊர்லயும் எல்லாத்துக்கும் பதில் வச்சிருந்தாங்கடி."

குழந்தையைப் பார்த்துக்க ஆள் தேடணும். அது உன் பொறுப்பு.

குட்டி

&nbsp;

மே 9

குட்டி,

மாவுக்கட்டு பிரிச்சாச்சு. கை குச்சி மாதிரி இளைச்சிருக்கு. கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும், பாதி தூரம்தான் இறங்கி வந்திருக்கு.

நேத்து வேலைக்குப் போனேன்.

பஸ் ஸ்டாப்ல கிராப் அக்கா நின்னுட்டிருந்தாங்க. கூடவே நடந்து வந்தாங்க. காவலுக்கு இப்போ ரெண்டு பேர். தனி அறைக்கு அனுமதி வரல, அதனால பெரியவர் தன்னோட அறையையே காலி பண்ணிக் கொடுத்துட்டு, மருந்து ஸ்டோர்ல மேஜை போட்டு உட்கார்ந்திருக்கார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னார். எனக்குத்தான் கூச்சமாப் போச்சு.

பத்து மணி வாக்குல வெளிய யாரோ சத்தம் போட்டாங்க. வண்டி நிறுத்துற தகராறு, நமக்குச் சம்பந்தமே இல்ல. ஆனா நான் திரைக்குப் பின்னால போய் நின்னுட்டேன். கிராப் அக்கா என் நோயாளியைப் பார்த்துக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் ஆச்சு, திரும்பி வந்தேன். மதியத்துக்கு மேல இன்னொரு தடவை அப்படி ஆச்சு. நாளைக்கும் ஆகும்னு நினைக்கிறேன். மனசு விட்டுப் பேச ஒரு டாக்டர்கிட்டப் போயிட்டிருக்கேன். அவங்களும் அப்படித்தான் சொன்னாங்க.

வாத்து அடுத்த வாரம் வந்து சேர்றா. எதிர் வீட்டு அம்மா குழந்தையைப் பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க. நீ அவ்வளவு நேரம் தட்டின நாளைச் சொல்லி இன்னும் சிரிக்கிறாங்க.

சாயங்காலம் ஒரு டிரைவர் வந்தார். நெஞ்சு வலி. நல்லா வேர்த்திருந்துச்சு. சட்டையைக் கழட்டி, ஊசி ஏத்தக் கையைப் பிடிச்சேன். முதல் தடவை நரம்பு கிடைக்கல. மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு ரெண்டாவது தடவை போட்டேன். ஏறிடுச்சு. அந்த வலியிலயும் அந்த மனுஷன் என் நடுங்குற கையையே பார்த்துட்டிருந்தார்.

"புதுசாச் சேர்ந்திருக்கீங்களா, டாக்டர்?"ன்னார்.

"ஆமாங்க. இன்னைக்குத்தான்"னேன்.

அக்கா